கைக்குட்டை பார்த்துச் சொன்ன தீர்ப்பு

கடைசியாக நீங்கள் ஷூ வாங்கப் போனபோது, அதை உங்கள் காலில் மாட்டிவிட்டவரின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் குனிந்திருந்தார். நீங்கள் பார்த்தது உச்சந்தலையை. வழுக்கை விழுந்திருந்ததா இல்லையா என்று வேண்டுமானால் சொல்வீர்கள்.

அப்படிப்பட்ட ஓர் உச்சந்தலைக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கடைத்தெரு முனையில், வங்கிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கும் ஷூ கடையில் அவர் விற்பனையாளர். சட்டைப் பையில் எப்போதும் எவர்சில்வர் கரண்டி ஒன்று குத்தி நிற்கும். குதிகாலுக்கும் ஷூவுக்கும் இடையில் விட்டு, காலை உள்ளே வழுக்கிவிடுகிற நீளக் கரண்டி. அதனால் கடையில் அவர் பெயரே கரண்டி. வீட்டில் பிள்ளைகள் அப்பா என்பார்கள். மனைவிக்கு இரண்டும் தேவைப்படுவதில்லை. "ஏங்க" போதும்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில் வந்தது. வாடிக்கையாளர் மெத்தை வைத்த பெஞ்சில் சாய்ந்து உட்கார வேண்டும். விற்பனையாளர் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, பழைய செருப்பைக் கழற்றி, புது ஷூவை மாட்டி, லேஸ் கட்டி, கட்டைவிரலால் முனையை அழுத்தி, "விரல் இடிக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். இடிக்கிறது என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. வாடிக்கையாளர் தானே குனிந்து ஷூவைத் தொட்டுவிட்டால் கடைக்கு அவமானம். கைகால் நன்றாக இருக்கிற பெரிய மனிதர் ஒருவர் தன் செருப்பைத் தானே போட்டுக்கொள்வதில் யாருக்கு என்ன அவமானம் என்று இதுவரை எவரும் விளக்கியதில்லை. விளக்கச் சொல்லி எவரும் கேட்டதும் இல்லை.

விற்பனையாளர்கள் உட்கார எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று கண்ணாடி பார்ப்பதற்கு ஒரு முக்காலி மட்டும் உண்டு. அதில் ஊழியர் உட்காரக் கூடாது. உட்கார இடம் கொடுத்தால் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது முதலாளியின் பயம். நியாயமான பயம்தான். முக்காலி அதற்காகத்தான் செய்யப்படுகிறது.

முதலாளிக்கு நோய்களைப் பற்றியும் ஒரு கொள்கை இருந்தது. சளி என்பது நோயல்ல, சாக்கு. சைனஸ் மட்டும் நோய். காரணம், அது அவருக்கே இருந்தது. "எனக்கு இருபது வருஷமா சைனஸ் இருக்கு" என்பார், ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில். ஆகவே சளி பிடித்த ஊழியருக்கு ஒன்றும் கிடைக்காது. சைனஸ் வந்தவருக்கு அரைநாள் விடுப்பு.

எது சளி, எது சைனஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. தோல் வாங்கப் போகிற இடத்தில் நிறத்தைப் பார்த்தே தரம் சொல்கிறவர் அவர். "பழுப்புல மட்டும் பதினாறு பழுப்பு இருக்கு. இந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும்." அந்தக் கண்ணையே மருத்துவத்துக்கும் பயன்படுத்தினார். மூக்கைச் சிந்துகிற ஊழியர் காலையில் கல்லாவுக்கு வந்து கைக்குட்டையை விரித்துக் காட்ட வேண்டும். வெள்ளையாக இருந்தால் சளி, போய் வேலையைப் பார். மஞ்சள் என்றால் சைனஸ். பச்சை என்றால் முற்றிய சைனஸ், வீட்டுக்குப் போ. பணம் கட்ட நின்ற வாடிக்கையாளர்கள் அந்த நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருமுறை பெண்கள் பகுதியில் விற்பனை செய்யும் அக்கா கேட்டார்.

"முதலாளி, இதுக்குப் படிச்சவங்க இருக்காங்களே, அவங்க பார்த்தா ஆகாதா?"

"படிச்சவன் பார்த்தா அவன் பரிசோதனைக்கு ஒண்ணு எழுதுவான், படம் எடுக்க ஒண்ணு எழுதுவான். நான் சும்மா பார்க்கிறேன். கசக்குதா?"

"எனக்குக் கசக்கலை. பார்க்கிற உங்களுக்குத்தான் எப்படியிருக்கோன்னு கேட்டேன்," என்றார் அக்கா.

பள்ளிக்கூடங்கள் திறக்கச் சில வாரங்கள் இருந்தபோது கரண்டிக்குச் சளி பிடித்தது. எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. கறுப்பு ஷூவுக்கு வந்த ஒரு குழந்தைக்கு அவர் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முகத்துக்கு நேராகத் தும்மியது. "அங்கிள்கிட்ட சாரி சொல்லு" என்றார் தாய். குழந்தை வாயைத் திறந்து மறுபடியும் தும்மியது.

முதலில் தொண்டை கரகரத்தது. பிறகு தும்மல். அதன்பின் மூக்கு, சரியாக மூடாத குழாயைப் போல ஒழுகியது. மூன்றாம் நாள் காலையில் கைக்குட்டையை விரித்தார். மஞ்சள்.

"பார்த்தியா, சைனஸ்," என்றார் முதலாளி. அவர் முகத்தில் ஒரு சொந்தக்காரரைக் கண்ட கனிவு தெரிந்தது. "டாக்டர்கிட்டப் போய் நேரத்தை வீணாக்காதே. எதிர்த்த மருந்துக் கடையில நான் சொன்னேன்னு சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போடு."

மருந்துக் கடைக்காரர் எந்த டாக்டர் சீட்டும் கேட்கவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார், துணிக்கடையில் எத்தனை மீட்டர் என்று கேட்பதைப் போல. அட்டையைக் கத்தரியால் வெட்டி இரண்டு நாளைக்குக் கொடுத்தார்.

மாத்திரை தீர்ந்தது. மூக்கு அடங்கத் தொடங்கியது. வார முடிவில் கரண்டி குளிக்கும்போது பாடினார். இதில் வெற்றி யாருடையது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. தன் கண்தான் கண்டுபிடித்தது என்றார் முதலாளி. மாத்திரையின் வீரியம் என்றார் மருந்துக் கடைக்காரர். தான் வைத்துக்கொடுத்த ஆவிதான் என்றார் மனைவி. தான் கடனாகக் கொடுத்த தைலம் என்று அக்கா சொன்னார்; டப்பாவையும் திருப்பிக் கேட்டார். சளி வந்த வேலையை முடித்துக்கொண்டு தானாகப் போயிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கரண்டிக்கு மறுபடியும் காய்ச்சல் அடித்தது. இம்முறை தும்மல் இல்லை, ஒழுகலும் இல்லை. வலது கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்புக்குள் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. அந்தப் பக்கத்து மேல்பற்கள் விண்விண் என்று தெறித்தன. மூக்கு முழுக்க அடைத்திருந்தது. வெளியே வரவேண்டியது வராமல் தொண்டைக்குள் இறங்கியது.

திங்கட்கிழமை முதல் வாடிக்கையாளரின் முன்னால் முழங்காலை ஊன்றித் தலையைக் கவிழ்த்தார். உள்ளே ஊற்றிய ஈயம் முழுவதும் முன்பக்கம் ஓடி வந்து நெற்றியில் மோதியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நிமிர்ந்தார். வலி குறைந்தது. மறுபடி குனிந்தார். மறுபடி மோதியது.

கல்லாவுக்குப் போய்ச் சொன்னார்.

"கைக்குட்டை?" என்றார் முதலாளி.

விரித்தார். சலவைக்குப் போய்வந்த வெள்ளை. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

"இதுல சளியே இல்லையே."

"வெளிய வரலீங்க முதலாளி. உள்ளயே நிக்குது. குனிஞ்சா முகம் வெடிக்கிற மாதிரி இருக்கு."

"மஞ்சளா இருந்தப்ப நானே மருந்து சொல்லி அனுப்பினேன். இப்ப வெள்ளை. வெள்ளைன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம். சீசன் நேரம், போய் நில்லு."

நில் என்பது பேச்சுக்குச் சொன்னது. குனிய வேண்டும். கரண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். முழங்காலை ஊன்றுவார், ஆனால் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கைகளை மட்டும் கீழே விட்டு, தடவித் தடவி ஷூவை மாட்டுவார். லேஸையும் பார்க்காமலே கட்டினார். பல வருடப் பழக்கம் கைகொடுத்தது. ஆனால் வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. காலுக்குக் கீழே உச்சந்தலையை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. அதுவும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒப்பந்தக்காரர் ஒருவர் கல்லாவில் புகார் சொன்னார். "உங்க ஆள் என் காலைப் பார்க்கவே மாட்டேங்கிறார். மூஞ்சியையே பார்க்கிறார். ஒரு மாதிரி இருக்கு."

முதலாளி பெரிதாக ஆராயவில்லை. மனிதன் குனியாததற்கு உலகத்தில் ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்பது அவர் முடிவு.

"என்ன, தலைக்கனம் ஏறிப்போச்சா?"

"தலை கனமாத்தாங்க இருக்கு முதலாளி," என்றார் கரண்டி. உண்மையைச் சொன்னார். அவருக்கு நையாண்டி செய்யும் தெம்பு அப்போது இல்லை. ஆனால் பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது.

"யார் சொல்லிக் கொடுத்துப் பேசறே நீ?" என்றார் முதலாளி. "எவனாவது சங்கம் கிங்கம்னு வந்து பேசினானா? சனிக்கிழமை கூட்டம் வரும். குனிஞ்சு வேலை பார்க்கிறதா இருந்தா வா. இல்லேன்னா அந்தக் கரண்டியை மேஜைமேல வெச்சிட்டுப் போயிட்டே இரு."

நாற்பத்தெட்டு வயதில் ஷூ கடை விற்பனையாளர் வேறெங்கே போவார்? புதிதாகத் திறக்கும் கடைகளில் எல்லாம் அலமாரியிலிருந்து வாடிக்கையாளரே எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். அங்கே விற்பனையாளருக்கு இடமில்லை. இந்தக் கடையில் குனிய வேண்டும், அந்தக் கடைகளில் ஆளே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்திருந்தது சனிக்கிழமை வரை அவகாசம். மூத்த மகளை அந்த மாதம்தான் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

மனைவி நீதிமன்றத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க வழக்குக் கட்டுகளை நகலெடுத்து நகலெடுத்து, யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற குணம் அவருக்கு வந்துவிட்டது. அன்று மாலை கரண்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பல்லு ஏங்க. ஒரு பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடும்னு நினைக்கிறேன்," என்றார். வலி வந்தால் அவரும் மனைவியை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவார்.

"எந்தப் பல்லு?"

"மேல, வலது பக்கம்."

"மேல வலது பக்கம்னா தெரு விலாசமா? எந்தப் பல்லுன்னு காட்டுங்க."

அவர் வாயைத் திறந்தார். மனைவி கரண்டியை எடுத்து, ஆம், அந்த எவர்சில்வர் கரண்டியைத்தான், கழுவிவிட்டு அதன் முனையால் ஒவ்வொரு பல்லாக மெல்லத் தட்டினார்.

"இதுவா?"

"ஆமா."

"இது?"

"அதுவும்தான்."

"இது?"

"ஆ."

"மூணு பல்லும் ஒரே ஞாயித்துக்கிழமை சேர்ந்து சொத்தையாகுமா? மூணும் கூடிப் பேசி வேலைநிறுத்தம் பண்ணுதுன்னு உங்க முதலாளி வேணா நம்புவார். நல்ல பல்லைப் பிடுங்கிட்டு வந்து நிக்காதீங்க. காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சனிக்கிழமை..."

"சனிக்கிழமைக்கு முன்னாடி புதன்கிழமை வருது."

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் அறையில் சுவரோரமாக நீளப் பெஞ்சு போட்டிருந்தார்கள். கடையில் கிடைக்காத உட்காரும் இடம் கரண்டிக்கு அங்கே தாராளமாகக் கிடைத்தது. அவர் முறை வந்தபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன செய்யுது?"

கரண்டி பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"இது எதுக்கு?"

"கலர் பார்க்கிறதுக்குங்க."

"மடிச்சு உள்ள வைங்க. எப்ப ஆரம்பிச்சது, அதைச் சொல்லுங்க."

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குங்க. தும்மல்ல ஆரம்பிச்சது."

"நடுவுல சரியாச்சா?"

"நல்லாவே சரியாச்சுங்க," என்றார் மனைவி. "பாட்டெல்லாம் பாடினார். அப்புறம் காய்ச்சலோட திரும்பி வந்துச்சு. முதல் தடவையை விட மோசம்."

டாக்டரம்மா இப்போது நிமிர்ந்தார். "குனிஞ்சா?"

அந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டவர் டாக்டரம்மாதான். கரண்டி சொன்னார். ஈயம், பல், தொண்டைக்குள் இறங்குவது எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா எழுந்து வந்து இடது கன்னத்தை விரலால் அழுத்தினார். ஒன்றுமில்லை. வலது கன்னத்தை அழுத்தினார். கரண்டி நாற்காலியோடு பின்னால் போனார்.

"வாசனை தெரியுதா?"

"புதுத் தோல் வாசனைகூடத் தெரியலீங்க. அது ஒண்ணுதான் நிம்மதி."

"சைனஸ்ல தொற்று வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா.

கரண்டியின் முகம் இருண்டது. "அப்ப எனக்கும் சைனஸ் வந்துடுச்சுங்களா? எங்க முதலாளிக்கு இருபது வருஷமா இருக்கு."

"உங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே இருக்கு. எனக்கும் இருக்கு, உங்க வீட்டம்மாவுக்கும் இருக்கு. மூக்கைச் சுத்தி எலும்புக்குள்ள காத்து நிக்கிற அறைங்க அதெல்லாம். சளி பிடிச்சா அந்த அறைங்களோட வாசல் வீங்கும். நிறையப் பேருக்குத் தானே வடிஞ்சு திறந்துக்கும். சிலருக்கு அடைச்சுக்கிட்டு, உள்ள தேங்கினதுல கிருமி பெருகும். உங்களுக்கு அதுதான்."

"முதல்ல மஞ்சளா வந்துச்சே, அப்பவே இதுதானுங்களா?"

"சாதாரணச் சளியே நாலு நாள்ல மஞ்சளாகும், பச்சையாகும். உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். கலரை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. சளியோட போக்கைப் பார்க்கணும். முதல் சில நாள் ஏறும், அப்புறம் இறங்கும், பத்து நாளைக்குள்ள பெரும்பாலும் போயிடும். பத்து நாளாகியும் கொஞ்சம்கூட இறங்கலேன்னா வந்து காட்டணும். இறங்கி, மறுபடி ஏறினாலும் காட்டணும். ஆரம்பத்துலயே கடுமையான காய்ச்சலும் முக வலியுமா மூணு நாலு நாள் நின்னா அதுக்கும் வரணும். நீங்க இறங்கி ஏறின ஆள்."

மனைவி இடையில் புகுந்தார். "முதல் தடவை ஆன்டிபயாடிக் போட்டுத்தானே சரியாச்சு?"

"எத்தனை நாள் போட்டார்?"

"ரெண்டு நாள். அவங்க முதலாளி எழுதிக் கொடுத்தது. இல்ல, எழுதக்கூட இல்ல, சொன்னது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சளி வைரஸால வர்றது. அதுகிட்ட அந்த மாத்திரை வேலையே செய்யாது. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கை தட்டுறீங்க, பஸ் வருது. கை தட்டினதாலயா வந்துச்சு?"

"ஆவி?" என்றார் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதமா இருந்தா பிடிங்க. சுடுதண்ணியை மேல கொட்டிக்காம இருந்தா சரி."

மனைவி அதைக் குறித்துக்கொண்டார். நீதிமன்றத்துக்கு எதிரே வேலை செய்கிறவர் தன் கட்சி தோற்றாலும் தீர்ப்பை மதிப்பார்.

குறைந்து திரும்பியதாலும் காய்ச்சல் இருந்ததாலும் இம்முறை ஆன்டிபயாடிக் தேவை என்றார் டாக்டரம்மா. வலிக்கு மாத்திரையும், கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பைக் கரைத்து மூக்கைக் கழுவும் முறையும் எழுதினார். சொன்ன நாள் வரை நிறுத்தாமல் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ நேரம் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்றார்.

"வலி இறங்கற வரைக்கும் ஒரு வாரம் குனியாதீங்க."

"அதுதாங்க என் வேலை."

"என்ன வேலை?"

"ஷூ கடை. மாட்டிவிடறது."

டாக்டரம்மா மேஜைக்கு அடியில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். எந்தக் கடையில் வாங்கியதோ தெரியாது. பிறகு சீட்டை இழுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ஒரு வாரம் குனிந்து செய்யும் வேலை கூடாது.

இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்துவிட்டுச் சனிக்கிழமை காலை கரண்டி கடைக்கு வந்தபோது மனைவியும் கூட வந்தார். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் வரிசை கட்டியிருந்தார்கள். முதலாளி சீட்டை வாங்கிப் பார்த்தார். படித்தார். மடித்தார்.

"கைக்குட்டை?"

கரண்டியின் கை பையை நோக்கிப் போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காட்ட மாட்டார்."

"ஏம்மா, இவனுக்குச் சைனஸ்னா எனக்கும்தான் சைனஸ். இருபது வருஷமா இருக்கு. நான் வேலை பார்க்கலையா?"

"நீங்க எங்கங்க குனிஞ்சீங்க? இருபது வருஷமா உக்காந்தே இருக்கீங்க. உங்களுக்கு வலிக்க வாய்ப்பே இல்லையே."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியை எல்லோரும் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார், அதன்மேல் தான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்ததைப் போல.

"இது கடை வழக்கம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து..."

"உங்கப்பாவை நான் ஒண்ணும் சொல்லலை. எங்க வீட்டுக்காரர் கன்னத்தைப் பத்தி மட்டும்தான் பேசறேன். டாக்டர் குனியக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. அதை மீறிக் குனிஞ்சு இவருக்குக் கண்ணுல ஏதாவது ஆச்சுன்னா, இந்தச் சீட்டுக்கு நான் நகல் எடுத்து வெச்சிருக்கேன். எங்க கடைக்கு எதிர்ல இருக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். "கடை திறப்பீங்களா மாட்டீங்களா? பஸ்ஸுக்கு நேரமாகுது."

கரண்டியை அனுப்பிவிட்டால் ஆண்கள் பகுதியில் ஆளே இல்லை. முதலாளி ஒருமுறை வரிசையைப் பார்த்தார், ஒருமுறை சீட்டைப் பார்த்தார். இதற்குள் அக்கா கண்ணாடிக்கு முன்னால் இருந்த முக்காலியைத் தூக்கி வந்து பெஞ்சுக்கு எதிரே வைத்துவிட்டார்.

"உக்காருடா தம்பி," என்றார். "பிள்ளைங்க எம்பி நின்னு கண்ணாடி பார்த்துக்கும். வளர்ற வயசு."

முதலாளி மறுக்கவில்லை. அறிவு வந்து மறுக்காமல் இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூட்டம் வந்ததால் மறுக்கவில்லை.

அன்று முழுவதும் கரண்டி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரம் செய்தார். பிள்ளைகள் தாங்களே குனிந்து ஷூவை இழுத்து மாட்டினார்கள். பெரியவர்களிடம், "நீங்களே போட்டுப் பாருங்க, நான் முனையை மட்டும் பார்க்கிறேன்" என்று காலைத் தன் முழங்காலுக்குத் தூக்கச் சொன்னார். சிலர் தயங்கினார்கள். சிலர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போட்டார்கள். ஒருவர் மட்டும் தன் வயிற்றைத் தாண்டிக் குனிய முடியாமல் தவித்தார்; அவருக்கு அக்கா வந்து உதவினார். குனிய முடியாதவருக்கு உதவுவது வேறு. அதை யாரும் குறை சொல்லவில்லை. உட்கார்ந்து விற்றவரிடம் வாங்க மாட்டேன் என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. கடையின் மானமும் எங்கும் போகவில்லை. மாலை வரை அங்கேயேதான் இருந்தது.

மருந்து கேட்டது. மூன்றாம் நாளே ஈயம் கரையத் தொடங்கியது. கரண்டி அதைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தவில்லை. மனைவி நிறுத்த விடவில்லை. அந்த வாரம் முடிந்தபோது தோல் வாசனை திரும்பியது. அதற்கு அவர் வருத்தப்பட்டார்.

வேலை தப்பித்தது. அதோடு கதையை முடித்து எல்லோரையும் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் சீட்டில் இருந்த ஒரு வாரக் கெடு முடிந்தபின் வந்த திங்கட்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலாளி தன் கையாலேயே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிக்கு முன்னால் பழைய இடத்தில் வைத்தார்.

"குணமாயிடுச்சில்ல? இனி குனியலாம்."

கரண்டி குனிந்தார். முகம் வலிக்கவில்லை. முழங்கால் வலித்தது, அது பழைய வலி, அதற்குச் சீட்டு கிடையாது.

கைக்குட்டைச் சோதனை மட்டும் ஒழிந்தது. முதலாளி இப்போது நவீனமாகிவிட்டார். "டாக்டர் சீட்டு இருந்தா முக்காலி. இல்லேன்னா தரை," என்பது புதுச் சட்டம். இந்த வாரம் அக்காவுக்குச் சளி. தும்முகிறார், மூக்கு ஒழுகுகிறது, குரல் கட்டியிருக்கிறது. கடுமையான காய்ச்சல் இல்லை, முகத்தில் வலி இல்லை. நேற்றை விட இன்று பரவாயில்லை. வெறும் சளிதான். எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். தானாகப் போய்விடும். நேர்மையான எந்த டாக்டரும் அவருக்கு "குனியக் கூடாது" என்று எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால் அக்கா தும்மிக்கொண்டே தரையில் முழங்காலை ஊன்றி அடுத்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

சளியையும் சைனஸ் தொற்றையும் பிரித்தறிவது மருந்துக்காக. எதற்கு மாத்திரை வேண்டும், எதற்கு வேண்டாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. யார் உட்காரலாம் என்று முடிவு செய்வதற்காக அல்ல. பகல் முழுக்க வேலை செய்கிற மனிதர் இடையில் உட்காருவதற்கு ஏதாவது ஒரு நோய் வந்து சிபாரிசு செய்ய வேண்டும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

எனவே இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் கைக்குட்டையைப் பார்க்காதீர்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள், மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அடுத்த முறை ஷூ வாங்கப் போகும்போது, உங்களுக்குக் குனிய முடியுமென்றால் நீங்களே குனிந்து போட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போது, சில்லறையை வாங்குவதற்கு முன், சுழல் நாற்காலியில் இருப்பவரிடம் சத்தமாகக் கேளுங்கள்: "உங்க ஆட்கள் உட்கார எங்கே இடம் வெச்சிருக்கீங்க?" பதில் வரும்வரை நகராதீர்கள்.